பழைய கழிவுநீர்க் குழாய்களில் எதை முதலில் பழுதுபார்ப்பது?

குழாய்க்குள் கேமரா ஓட்டி, விரிசல், வேர் நுழைவு, இணைப்பு விலகல் ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவதே நிலை மதிப்பீடு. 5தான் மிக மோசம். கான்கிரீட் குழாயென்றால் மேல்வளைவைக் கவனியுங்கள். கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடை அங்கே ஒட்டியிருக்கும் பாக்டீரியா கந்தக அமிலமாக்கிச் சுவரை அரிக்கும். நீருக்கடியில் இருக்கும் பகுதி பெரும்பாலும் தப்பிவிடும்.

மதிப்பெண் மட்டும் போதாது. உடைந்தால் வரும் பாதிப்போடு அதைப் பெருக்கிப் பாருங்கள். தேய்ந்த டயர் ஸ்டெப்னியாகக் கிடப்பதும் முன்சக்கரத்தில் ஓடுவதும் ஒன்றா? ஆக, வயதில் மூத்த குழாய்தான் முதலில் என்று விதியில்லை.

குழாயின் உட்சுவரில் படியவைக்கும் பிசின் உறை (லைனிங்) எல்லாவற்றையும் சரிசெய்யும் என்பார்கள். செய்யாது: தொய்ந்த குழாயில் உறையும் தொய்ந்தே படியும், அந்த இடத்தைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.