நீதிபதிக்குக் கிடைக்காத நீதி: ‘ஸ்பானிஷ் டிராஜெடி’ பற்றிய கேள்வி பதில்

தாமஸ் கிட் (1558–1594) எழுதிய ‘ஸ்பானிஷ் டிராஜெடி’ என்னும் பழிவாங்கல் நாடகத்தின் கதையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பல ஆண்டுகள் வகுப்பில் நடத்திய நாடகம் என்பதால், நான் மிக நேசிக்கும் பகுதிகளில் விடைகள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி மாணவி): ஐயா, நாடகத்தை இன்னும் படிக்கவில்லை. கதையை முதலில் சொல்லிவிட முடியுமா?

ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் நடந்த போரில் ஆண்ட்ரியா என்ற ஸ்பானிய வீரன், போர்ச்சுகல் அரசப் பிரதிநிதியின் மகன் பல்தசாரால் கொல்லப்படுகிறான். அதே போரில் பல்தசார் சிறைப்படுகிறான். அவனை ஈட்டியால் வீழ்த்தியவன் ஹொரேஷியோ. குதிரையின் கடிவாளத்தைப் பற்றியவன் மன்னரின் தம்பியான காஸ்டில் கோமகனின் மகன் லொரென்சோ. வெற்றியின் பெருமை யாருக்கு என்ற பூசலில் மன்னர் நடுநிலையாகத் தீர்ப்பதாக எண்ணி, பிணைத்தொகையை ஹொரேஷியோவுக்கும், கைதியைக் காக்கும் பொறுப்பை லொரென்சோவுக்கும் கொடுக்கிறார். பகைக்கு வித்து அங்கேயே ஊன்றப்பட்டுவிடுகிறது.

லொரென்சோவின் தங்கை பெல்-இம்பீரியா, இறந்துபோன ஆண்ட்ரியாவின் காதலி. அவள் இப்போது அவனுடைய நண்பன் ஹொரேஷியோவை விரும்புகிறாள். சிறைப்பட்ட பல்தசாரோ அவளை விரும்புகிறான். இளவரசனுக்கு அவளை மணமுடித்தால் இரு நாடுகளும் இணையும் என்பது அரண்மனையின் கணக்கு. ஆகவே ஓர் இரவு, ஹொரேஷியோவின் வீட்டுத் தோட்டத்துக் கொடிப்பந்தலில் காதலர்கள் சந்திக்கும்போது, லொரென்சோவும் பல்தசாரும் பெட்ரிங்கானோ, செர்பரீன் என்ற இரண்டு வேலையாட்களுடன் வந்து ஹொரேஷியோவைத் தூக்கிலிட்டுக் குத்திக் கொல்கிறார்கள். பெல்-இம்பீரியாவை இழுத்துச் சென்று அடைத்து வைக்கிறார்கள்.

அலறல் கேட்டுப் படுக்கையிலிருந்து எழுந்து ஓடிவரும் முதியவர் ஹையரோனிமோ, தொங்கும் உடலை யாரோ எவரோ என்று எண்ணித்தான் கயிற்றை அறுத்து இறக்குகிறார். இறக்கிய பிறகே அது தம் மகன் என்று தெரிகிறது. மகனின் குருதியில் ஒரு கைக்குட்டையைத் தோய்த்து, பழி தீரும்வரை அதைப் பிரிவதில்லை என்றும் உடலை அடக்கம் செய்வதில்லை என்றும் உறுதி எடுக்கிறார். இந்த ஹையரோனிமோ சாதாரணத் தந்தை அல்லர். ஸ்பெயின் அரசவையின் நீதி அதிகாரி. குற்றவாளிகளை விசாரித்துத் தண்டிப்பதே அவருடைய தொழில். நாடகத்தின் துயரம் முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. முடிவைக் கீழே வரும் விடைகளில் சொல்கிறேன்.

கேள்வி (கோவை வாசகர்): நாடகம் ஆண்ட்ரியாவின் ஆவியோடு தொடங்குகிறது. ஆனால் பழி வாங்கப்படுவதோ ஹொரேஷியோவின் கொலைக்கு. இது கதையமைப்பில் ஒரு குறை அல்லவா?

குறை என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆண்ட்ரியாவின் ஆவி பாதாள உலகத்துக்குப் போகிறது. அவனைக் காதலர்களோடு சேர்ப்பதா, வீரர்களோடு சேர்ப்பதா என்று அங்குள்ள மூன்று நீதிபதிகளால் முடிவு செய்ய இயலவில்லை. வழக்கு பாதாள அரசனிடம் போகிறது. அவனுடைய அரசி ப்ரோசர்பைன் புன்னகைத்துத் தீர்ப்பைத் தானே வாங்கிக்கொண்டு, ‘பழி’ என்ற உருவத்தின் காதில் எதையோ சொல்லி அனுப்புகிறாள். அவள் சொன்னது என்ன என்பது நமக்குக் கேட்பதில்லை. ஆக, நாடகம் தொடங்குவதே நீதிபதிகளால் தீர்க்க முடியாத ஒரு வழக்கோடும், யாருக்கும் கேட்காத ஒரு தீர்ப்போடும்தான். பூமியில் நடப்பதும் அதுவே.

ஆண்ட்ரியாவும் பழியும் மேடையின் ஓரத்தில் அமர்ந்து கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தன் பகைவன் விருந்துண்பதையும், தன் நண்பன் சாவதையும் கண்டு ஆண்ட்ரியா பதறுகிறான். ஒரு கட்டத்தில் பழி உறங்கியே போய்விடுகிறது; அவன் அதை உலுக்கி எழுப்புகிறான். உறங்கும்போதும் பழியின் வேலை நின்றுவிடவில்லை என்று அது பதில் சொல்கிறது. பார்வையாளரான நமக்கு முன்னால் இன்னொரு பார்வையாளரை உட்காரவைத்த இந்த அமைப்பு, கடைசிக் காட்சியில் வரும் நாடகத்துக்குள் நாடகத்துக்கு நம்மை முன்பே பழக்கிவிடுகிறது.

கேள்வி (சென்னை, நாடக நடிகர்): கொலையாளிகளின் பெயரே எழுதிய கடிதம் ஹையரோனிமோவின் கைக்கு வருகிறது. அதன் பிறகும் அவர் ஏன் தாமதிக்கிறார்?

மூன்றாம் அங்கத்தில் பெல்-இம்பீரியா சிறையிலிருந்து, மை கிடைக்காமல் தன் குருதியால் எழுதிய கடிதம் அது. லொரென்சோ, பல்தசார் இருவர் பெயரும் அதில் இருக்கின்றன. ஆனால் ஹையரோனிமோ நீதிபதி. மன்னரின் தம்பி மகன்மீது கொலைக்குற்றம் சுமத்த, எங்கிருந்தோ வந்து விழுந்த ஒரு தாள் போதாது என்பது அவருக்குத் தெரியும். தம்மைச் சிக்கவைக்கும் வலையாகவும் அது இருக்கலாம். அவர் தயங்குவதைக் கோழைத்தனமாக நடித்துவிடாதீர்கள். சான்றைத் தேடும் தொழில்நெறி அது. வருத்தம் என்னவென்றால், அந்த நேர்மையே கொலையாளிகளுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது: அவர் பெல்-இம்பீரியாவைப் பற்றி விசாரித்ததும் லொரென்சோ விழித்துக்கொண்டு, உடந்தையாக இருந்தவர்களை ஒழிக்கத் தொடங்கிவிடுகிறான்.

சான்று உறுதியான பிறகு அவர் நேராக மன்னரிடம்தான் போகிறார். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ‘நீதி, நீதி’ என்று கதறும் அவரை, திருமண ஒப்பந்தம் பேசிக்கொண்டிருக்கும் மன்னர், தம் அலுவலில் குறுக்கிடுவது யார் என்று கேட்கிறார். லொரென்சோ இடைமறிக்கிறான். முதியவர் குத்துவாளால் தரையைத் தோண்டுகிறார். மண்ணைப் பிளந்து பாதாள உலகத்துக்கே போய், மகனைச் சாட்சியாக அழைத்துவந்து காட்டலாம் என்ற வெறி. அவர் பித்துப் பிடித்துப் பிணைத்தொகைக்காக அலைகிறார் என்று லொரென்சோ மன்னரை நம்பவைத்துவிடுகிறான். சட்டத்தின் வாசலை அவர் தட்டாமல் விடவில்லை, கதவு திறக்கவில்லை.

கேள்வி (ஈரோடு மாணவர்): காலிப் பெட்டிக் காட்சி சிரிப்புக்காக வைக்கப்பட்டதா?

சிரிப்பு வரும், ஆனால் தொண்டையில் நிற்கும். லொரென்சோவின் ஏவலால் பெட்ரிங்கானோ தன் கூட்டாளி செர்பரீனைச் சுட்டுக் கொல்கிறான். லொரென்சோ முன்பே நிறுத்திவைத்த காவலர்களிடம் பிடிபடுகிறான். மன்னிப்புப் பத்திரம் ஒரு பெட்டியில் வருகிறது என்று அவனுக்குச் சொல்லி அனுப்பப்படுகிறது. பெட்டியைக் கொண்டுபோகும் சிறுவன் தடையை மீறித் திறந்து பார்க்கிறான், உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் அவன் தூக்குமேடை அருகே நின்று பெட்டியைச் சுட்டிக்காட்டிக்கொண்டே இருக்க, பெட்ரிங்கானோ தூக்கிலிடுபவனோடு வேடிக்கை பேசியபடியே சாகிறான்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்பவர் ஹையரோனிமோ! தம் மகனைக் கொன்றவர்களில் ஒருவன்தான் எதிரே நிற்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. நான் நீதிபதியாக அமர்ந்திருக்கும்வரை பிறருக்காவது உரிய நீதி கிடைக்கட்டும், எனக்குத்தான் அது இல்லை என்ற பொருளில் அவர் அங்கே பேசும் வரிகளை என்னால் நிதானமாக வகுப்பில் வாசிக்க முடிந்ததில்லை. பிறகு, இறந்தவனின் உடையில் இருந்த கடிதம் அவரிடம் வந்துசேர்கிறது. பெல்-இம்பீரியா எழுதியது உண்மை என்பது அதில் உறுதியாகிறது.

கேள்வி (யாழ்ப்பாணம் ஆசிரியை): போர்ச்சுகல் அரசவையில் நடக்கும் கிளைக்கதை எதற்கு?

வில்லுப்போ என்பவன் அலெக்ஸாந்த்ரோ என்ற நேர்மையானவன்மீது, பல்தசாரை முதுகில் சுட்டுக் கொன்றதாகப் பொய்ப்பழி சுமத்துகிறான். தண்டனை நிறைவேறும் நேரத்தில் தூதர் வந்து பல்தசார் உயிரோடிருப்பதைச் சொல்ல, அலெக்ஸாந்த்ரோ தப்பிக்கிறான். அங்கே உண்மை உரிய நேரத்தில் வந்துசேர்கிறது, ஸ்பெயினில் வரவில்லை. அந்த வேறுபாட்டைக் காட்டத்தான் அது என்று நினைக்கிறேன். மற்றபடி அந்தக் காட்சிகள் சற்றே நீளம்.

கேள்வி (மதுரை வாசகி): இசபெல்லாவைப் பற்றியும் பெல்-இம்பீரியாவைப் பற்றியும் யாருமே பேசுவதில்லையே, ஐயா?

சரியாகச் சொன்னீர்கள். ஹையரோனிமோவின் மனைவி இசபெல்லா நீதிக்குக் காத்திருந்து மனம் கலங்கி, மகன் தொங்கிய பந்தலை வெட்டிச் சாய்த்துவிட்டுத் தன்னையே குத்திக்கொள்கிறாள். இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் பழி முடிவதைக் கண்டிருப்பாள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் வரும். பெல்-இம்பீரியாவோ இந்நாடகத்திலேயே தெளிவான மனம் படைத்தவள். ஆண்ட்ரியாவைக் கொன்றவனைப் பழிவாங்க வேண்டும் என்ற நினைப்பும் ஹொரேஷியோமீது கொண்ட காதலும் அவளுள் ஒன்றாகவே வளர்கின்றன. மகனின் கொலையை மறந்துவிட்டீரா என்று ஹையரோனிமோவைக் கடிந்துகொள்பவளும், நீர் செய்யாவிட்டால் நானே செய்வேன் என்று சொல்பவளும் அவளே.

கேள்வி (சேலம் வாசகர்): கடைசி நாடகத்தை நான்கு மொழிகளில் நடிக்கச் சொல்வது ஏன்? பார்ப்பவர்களுக்கு என்ன புரியும்?

ஒன்றும் புரியக் கூடாது என்பதுதான் ஹையரோனிமோவின் விருப்பம். திருமண விழாவுக்கு ஒரு நாடகம் வேண்டும் என்று கொலையாளிகளே அவரிடம் வந்து கேட்கிறார்கள். துருக்கிய சுல்தான் சொலிமான், பெர்செடா என்னும் அழகி ஆகியோரின் கதையை, தாம் மாணவப் பருவத்தில் எழுதியதாகச் சொல்லி எடுத்துத் தருகிறார். பல்தசார் லத்தீனிலும், ஹையரோனிமோ கிரேக்கத்திலும், லொரென்சோ இத்தாலியத்திலும், பெல்-இம்பீரியா பிரெஞ்சிலும் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. அரச குடும்பம் மாடத்தில் அமர்ந்ததும் கதவுச் சாவியைத் தம்மிடம் போட்டுவிட வேண்டும் என்றும் அவர் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார். மேடையில் ஹையரோனிமோ லொரென்சோவைக் குத்துகிறார், பெல்-இம்பீரியா பல்தசாரைக் குத்திவிட்டுத் தானும் குத்திக்கொண்டு சாகிறாள். அவள் சாவது அவருடைய திட்டத்தில் இல்லை. மாடத்திலிருந்து பாராட்டு எழுகிறது. தங்கள் பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்று தகப்பன்மார் இருவரும் ரசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாய்மொழியில் கதறியபோது கேளாத மன்னருக்கு, புரியாத மொழிகளில் நாடகம் போட்டுக் காட்டுகிறார் அந்த முதியவர். அதன்பிறகு திரையை விலக்கி மகனின் உடலைக் காட்டித் தம் மொழியில் எல்லாவற்றையும் சொல்கிறார். இப்போதுதான் அவருடைய வழக்கை அரசவை முதன்முதலாக முழுமையாகக் கேட்கிறது. கேட்டுப் பயனில்லாத நேரத்தில். அச்சிட்ட பிரதியில் இந்த உள்நாடகம், வாசகர்களுக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே தரப்பட்டிருக்கிறது என்ற குறிப்பும் உண்டு.

கேள்வி (அதே வாசகர்): எல்லாவற்றையும் சொன்ன பிறகு, சொல்ல மாட்டேன் என்று ஹையரோனிமோ தம் நாக்கைக் கடித்துத் துப்புவது முரண் அல்லவா?

முரண்தான், அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிடும் இடம் இது. எஞ்சியிருக்கும் மிகப் பழைய பதிப்பு 1592 வாக்கில் வந்தது. 1602இல் சில பகுதிகள் சேர்க்கப்பட்டன, அப்போது இந்தக் காட்சியும் திருத்தப்பட்டது. இரு வடிவங்கள் கலந்ததால் வந்த குழப்பம் என்று சிலர் கருதுகிறார்கள். என் வாசிப்பு வேறு. உண்மையைத் தாமாக முன்வந்து சொன்னவர், அதே உண்மையைச் சித்திரவதையின் பேரில் அரசு கறந்தெடுக்க நினைக்கும்போது மறுக்கிறார். சொல்லைக் கேட்க மறுத்த அதிகாரத்துக்கு இனிச் சொல் இல்லை. எழுதட்டும் என்று பேனா கொடுக்கிறார்கள். அதைச் சீவக் கத்தி வேண்டும் என்று சைகை காட்டி, அந்தக் கத்தியால் லொரென்சோவின் தந்தை காஸ்டில் கோமகனையும் தம்மையும் குத்திக்கொள்கிறார்.

கோமகன் ஹொரேஷியோவின் கொலையில் பங்கில்லாதவர். தம் மகனுக்கும் ஹையரோனிமோவுக்கும் இடையே சமாதானம் செய்துவைக்க முயன்றவரும் அவரே. அவரைக் குத்தும் நொடியில் ஹையரோனிமோ நீதிபதியாக இல்லை. நடிப்பவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

கேள்வி (திருச்சி மாணவர்): ‘ஹாம்லெட்’ இதிலிருந்து வந்ததா?

ஆவி, பித்து, தாமதம், நாடகத்துக்குள் நாடகம், ஹொரேஷியோ என்ற பெயர் எல்லாம் இங்கே முன்பே உள்ளன. அங்கே மகன் தந்தைக்காகப் பழிவாங்குகிறான். இங்கே தந்தை மகனுக்காக. ஆண்ட்ரியாவின் ஆவியும் பழியும் சேர்ந்து வரும் தொடக்கக் காட்சிக்கு ரோமானிய நாடகாசிரியர் செனெகா வழிகாட்டியிருக்கிறார். 1592 முதல் 1597 வரை இந்நாடகம் 29 முறை மேடையேறியதாக லண்டன் அரங்க உரிமையாளர் பிலிப் ஹென்ஸ்லோவின் கணக்கேடு சொல்கிறது. அன்றைய லண்டனில் எழுதியவர்கள் எவரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

கேள்வி (தஞ்சை வாசகி): முடிவில் ஆண்ட்ரியா மகிழ்கிறானே. நாடகாசிரியரும் பழிவாங்கலை ஏற்கிறாரா?

ஆண்ட்ரியா இறந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணுகிறான்: ஹொரேஷியோ, செர்பரீன், பெட்ரிங்கானோ, இசபெல்லா, பல்தசார், கோமகன், லொரென்சோ, பெல்-இம்பீரியா, ஹையரோனிமோ. ஒன்பது பேர். அவர்களில் அவனுடைய காதலி, அவனுடைய உயிர் நண்பன், அந்த நண்பனின் தாய் தந்தையர். இவை தன் ஆன்மாவுக்கு இனிய காட்சிகள் என்கிறான். பகைவர்களுக்கு நரகத்தில் தண்டனை பங்கிடும்போது, குற்றமற்ற கோமகனைக் கழுகு கொத்தும் இடத்துக்கு அனுப்புகிறான். பாதாளத்தில் மூன்று நீதிபதிகளால் தீர்க்க முடியாமல் தொடங்கிய வழக்கில், கடைசியில் தீர்ப்பு எழுதுவது வழக்காடியவனே. கிட் இதற்கு உரை எதுவும் சொல்லவில்லை. கடைசிப் பேச்சைப் பழியிடம் கொடுத்திருக்கிறார்: இங்கே சாவு அவர்களுடைய துன்பத்தை முடித்துவிட்டாலும், கீழே அவர்களுக்கு முடிவே இல்லாத ஒரு துன்பியல் நாடகத்தைத் தொடங்கப்போவதாகச் சொல்லிவிட்டு அது ஆண்ட்ரியாவை அழைத்துக்கொண்டு போகிறது.