கம்பெனி செக்ரட்டரி பதில்கள்: பினாமி டைரக்டர்

பட்டர்வொர்த் வாசகர்: அக்கா, முதலாளி ஐசி (அடையாள அட்டை) காப்பியும் கையெழுத்தும் மட்டும் கேட்கிறார். டைரக்டராகப் போட்டு மாசம் 500 வெள்ளி தருவாராம். சரியா?

வேண்டாம் தம்பி. போன வருஷம் ஒரு லாரி ஓட்டுநர் பழுப்பு உறையோடு பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸுக்கு வந்தார். உள்ளே இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பாக்கிக் கடிதம். கம்பெனி எந்தத் தெருவில் இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. கையெழுத்து மட்டும் அவருடையது. தொழிலாளர் இபிஎஃப் கட்டாவிட்டால் டைரக்டரும் சொந்தப் பொறுப்பு. வெளிநாடு போகவும் தடை வரலாம்.

செந்தூல் வாசகர்: பெனிஃபிஷியல் ஓனர் என்றால்?

பேப்பரில் யார் இருந்தாலும், கடைசியில் கம்பெனியை ஆட்டுவிக்கும் மனிதர். 20 விழுக்காடு பங்கு ஓர் அளவுகோல். பங்கே இல்லாமல் டைரக்டரை நியமிக்கும், நீக்கும் உரிமை வைத்திருப்பவரும் இதில் வருவார். 1.4.2024 முதல் அவர் யாரென்று எஸ்எஸ்எம்மிடம் (மலேசியக் கம்பெனிகள் ஆணையம்) தெரிவிப்பது கட்டாயம்.

கிள்ளான் வாசகர்: வெறும் கையெழுத்துதானே அக்கா?

பட்டர்வொர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜெலுத்தோங் வாசகர்: மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் பணம் எப்படிக் கைமாறியது?

ஒரு வார்த்தையில் ஏமாற்றினார்கள். அபுதாபியில் ஆபார் இன்வெஸ்ட்மென்ட்ஸ் பிஜேஎஸ் என்ற உண்மையான நிறுவனம் உண்டு. பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் அதே பெயரில், வாலில் ‘லிமிடெட்’ சேர்த்து இன்னொன்று பதிவானது. 1எம்டிபி 2012-இல் வெளியிட்ட கடன்பத்திரப் பணத்தில் 1.3 பில்லியன் டாலருக்கும் மேல் அந்த வால் முளைத்ததற்குப் போனது என்கிறது அமெரிக்க நீதித் துறையின் மனு. பெயரைப் பார்த்தார்கள், உரிமையாளரைப் பார்க்கவில்லை.

பாயான் லெப்பாஸ் கணக்காளர்: எஸ்எஸ்எம் உரிமையாளர் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்க முடியாதே, பிறகென்ன பயன்?

அமலாக்கத் துறைகள் பார்க்கலாம். ஆனாலும் உங்கள் கட்சிதான் நான். பிரிட்டன் 2016 முதல் திறந்தே வைத்திருக்கிறது.

செராஸ் வாசகர்: அக்கா, பெயர் வெளியே வந்தால் ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரன்) வாசலில் நிற்பான்! ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே 2022-இல் பொதுப் பார்வையை ரத்து செய்தது.

செய்தது, மறுக்கவில்லை. ஆனால் டைரக்டர், பங்குதாரர் பெயரை இன்றே எவரும் எஸ்எஸ்எம்மில் காசு கட்டி வாங்கலாம். ஒழுங்காகத் தன் பெயரில் கடை நடத்துபவர் ஆலோங் கண்ணில் ஏற்கெனவே படுகிறார்; பின்னால் ஒளிந்தவருக்கு மட்டும்தான் இந்தத் திரை.

செராஸ் வாசகர்: அப்போ அந்த விவரத்தையும் மூடுங்கள்!

மூடினால் நாளைக்கு நீங்கள் கடன் கொடுக்கும் கம்பெனியில் யார் இருக்கிறார் என்று யாரிடம் கேட்பீர்கள், என்னிடமா?

ஈப்போ வாசகர்: 500 வேண்டாம், 1,500 தருகிறேன் என்கிறார்...

ஐயோ. ஐசி காப்பியைக் கொடுத்தாயிற்றா? இன்றே எஸ்எஸ்எம்மில் உங்கள் பெயரைத் தேடுங்கள்.