டாக்டரம்மா பதில்கள்: சிவப்பு மையில் ‘பென்சிலின் ஆகாது’

கேள்வி: என் மாமியாருக்கு 63 வயது. ஈரோட்டில் முழங்கால் மூட்டு மாற்ற நாள் குறித்திருக்கிறோம். சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டதும் மயங்கி விழுந்தாராம். அதைச் சொன்னதும் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் ‘பென்சிலின் ஆகாது’ என்று எழுதிவிட்டார்கள். இப்போது டாக்டர், ‘உண்மையிலேயே ஆகாதா என்று சோதித்துப் பார்த்துவிடலாம்’ என்கிறார். இந்த வயதில் எதற்கு வம்பு? வேறு மருந்து கொடுத்தால் போதாதா?
– ஒரு வாசகி, காங்கயம்

பதில்: அம்மணி, இது வம்பு இல்லை. பழைய சிவப்பு மையை அப்படியே நம்பிவிடாமல் விசாரிக்கிற டாக்டர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார். எனக்கு அதில் சந்தோஷம்.

மூட்டு மாற்றும்போது கிருமி ஏறாமலிருக்க, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் ஊசி போடுவது வழக்கம். அது பென்சிலினுக்குப் பங்காளி முறை. உண்மையான பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு அது ஒத்துக்கொள்ளும். ஆனாலும் சிவப்பு மையைப் பார்த்த பயத்தில் பல டாக்டர்கள் வான்கோமைசின், கிளிண்டாமைசின் போன்ற வேறு வகைக் கிருமிக்கொல்லி மருந்துகளுக்குப் போய்விடுகிறார்கள். அவை இந்த வேலையை அத்தனை நன்றாகச் செய்வதில்லை. 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ‘பென்சிலின் ஆகாது’ என்று பெயர் வாங்கியவர்களுக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருந்தது. செயற்கை மூட்டில் சீழ் பிடித்தால் மறுபடி பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டி வரும். அந்தப் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பென்சிலின் ஆகாது என்று எழுதப்பட்ட 100 பேரை முறையாகச் சோதித்தால், 90 பேருக்கு மேல் ஒத்துக்கொள்கிறது. உண்மையிலேயே ஒவ்வாமை இருந்தவர்களிலும் 10 வருடம் போனால் சுமார் 80 சதவீதம் பேருக்கு அது விட்டுப்போகிறது.

நான் வார்டில் இருந்த காலத்தில், கோபி பக்கத்து மஞ்சள் விவசாயி ஒருவர் கால் வீங்கிச் சிவந்து வந்து சேர்ந்தார். அவர் சீட்டிலும் இதே வரிதான். ‘என்ன ஆச்சுங்க?’ என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. கட்டிலடியில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாதான் சொன்னார்: “அஞ்சு வயசுல காச்சலுக்கு ஊசி போட்டாங்க கண்ணு. மூணா நாளு ஒடம்பெல்லாம் செவசெவன்னு ஆயிப்போச்சு. பக்கத்து ஊட்டுப் பையனுக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. அவனுக்கு ஊசியே போடலை.” ஊசி போடாத பையனுக்கும் அதே தடிப்பு என்றால் அது காய்ச்சலோடு வந்தது. அப்புறம் அவர் மனைவி மஞ்சப்பையைக் கவிழ்த்து, பல் பிடுங்கியபோது வாங்கிய மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். பாதிக்கு மேல் காலி. பின்புறம் அமாக்சிசிலின் 500 என்று இருந்தது. அதுவும் பென்சிலின் வகைதான். ‘சாப்பிட்டு ஒண்ணும் ஆகலீங்களே’ என்றார் அந்த விவசாயி. எந்தச் சோதனையும் வைக்காமலே அந்த வரியை அடித்துவிட முடிந்தது.

நீங்களும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். மாமியாரின் அக்காவோ அண்ணனோ இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். ஊசி போட்டு எத்தனை நிமிடத்தில் விழுந்தார்? வெளிறி வியர்த்து, படுக்க வைத்ததும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்தாரா? அப்படியென்றால் பெரும்பாலும் அது ஊசிப் பயத்தில் வந்த மயக்கம். உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்ததென்றால் கதை வேறு. பயிற்சி டாக்டராக இருந்தபோது, ஊசியைப் பார்த்தே மயங்கிய ஒரு பெண்ணின் சீட்டில் நானும் ‘பென்சிலின் ஆகாது’ என்று எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

இதற்கு டாக்டர்கள் பென்-ஃபாஸ்ட் என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். கடந்த 5 வருடத்துக்குள் நடந்திருந்தால் 2. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை, முகம் தொண்டை வீக்கம், தோல் உரியும் கடும் வகை என்றால் 2. சிகிச்சை தேவைப்பட்டிருந்தாலோ, அது தெரியாவிட்டாலோ 1. கூட்டினால் 3-க்குக் கீழே வந்தால் ஆபத்து குறைவு. உங்கள் மாமியாருக்கு நடந்தது வெறும் மயக்கம்தான் என்றால் 1-ஐத் தாண்டாது.

அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு வேளை அமாக்சிசிலினை வாயில் கொடுத்து, ஒரு மணி நேரமாவது பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பார்கள். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடுகிற அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆபத்து குறைந்த சுமார் 380 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நேரே மாத்திரை கொடுத்த பாதிப் பேரில் ஒருவருக்குத்தான் ஒவ்வாமை வந்தது. தோலில் சோதித்துவிட்டுக் கொடுத்த மறுபாதியிலும் ஒருவர்தான். முன்கையில் ஊசியால் கொப்புளம் எழுப்பி, பால் பாயிண்ட் பேனாவால் வட்டம் போடுகிற நம் ஊர் ‘டெஸ்ட் டோஸ்’ வேறு. அதில் லேசாகச் சிவந்ததை வைத்து ஒருவருக்கு ஆயுசுக்கும் பெயர் வைத்துவிடக் கூடாது.

சளி, அரிப்புக்கு செட்ரிசின் சாப்பிடுகிறாரா, பிரஷருக்கு என்ன மாத்திரை என்று முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் நீங்களாக மாத்திரை கொடுத்துப் பார்க்கவே கூடாது. தோல் உரிந்து, வாயெல்லாம் புண்ணான சரித்திரம் இருந்தால் மருத்துவமனையிலும் இந்தச் சோதனை வேண்டாம்.

ஒத்துக்கொண்டது என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைத் தெளிவாக எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை சேர்க்கும்போது மறந்தும் பழையதைச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: என் அப்பாவுக்குப் பென்சிலின் ஆகாது. என் 4 வயது மகனுக்கு அமாக்சிசிலின் சிரப் எழுதியிருக்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: கொடுங்கள். தாத்தாவுக்கு ஆகாது என்பது பேரனுக்கு மருந்தை நிறுத்தக் காரணமில்லை. நடுவில் உடம்பில் தடிப்பு வந்தால் போனில் படம் எடுத்து, எத்தனையாவது நாள், எத்தனையாவது வேளை என்று எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ படம் எடுக்க நிற்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.