கொரியன்ல பி.ஏ. படிக்கணுமாம்: ஒரு டீச்சருக்கு பதில்

வணக்கம் மேடம்,

கரூர் பக்கத்துல ஒரு அரசுப் பள்ளியில தமிழ் டீச்சரா இருக்கேன். என் பொண்ணு ப்ளஸ் டூ, காமர்ஸ் குரூப். நல்லா படிக்கிறவ, சி.ஏ. பண்ண வைக்கலாம்னு நெனச்சிட்டு இருந்தோம், இப்ப திடீர்னு டெல்லிக்குப் போய் கொரியன்ல பி.ஏ. படிக்கப் போறேன்ங்கறா. ரெண்டு வருஷமா கொரியன் சீரியலா பாத்துக்கிட்டு இருக்கா, எழுத்தும் தானாவே கத்துக்கிட்டா. அவங்கப்பா ஒரு வாரமா அவகிட்ட பேசல. நீங்க அதையே டிகிரியா படிச்சவங்கன்னு எழுதியிருந்தீங்க. டிராமா பாத்து வந்த ஆசைய நம்பி அவ்ளோ தூரம் அனுப்பலாமா? வேலை கெடைக்குமா? கொரியன் தமிழ்லருந்து வந்தது, நமக்கு ஈஸின்னு யூடியூப்ல சொல்றாங்களே, நெஜமா? எது கேட்டாலும் "நே"ங்கறா, எனக்கு "நீ"ன்னு கேக்குது, பத்திக்கிட்டு வருது.

– ஒரு அம்மா

டீச்சர், வணக்கம்.

பதில் எழுத லேட் ஆயிடுச்சு, மன்னிச்சிக்கோங்க. சுருக்கமா கேட்டா அனுப்புங்கன்னு தான் சொல்லுவேன், ஆனா அவ நெனச்சிக்கிட்டு இருக்கற காரணத்துக்காக இல்ல.

மொதல்ல யூடியூப் விஷயத்த முடிச்சிடறேன். தமிழ்லருந்து கொரியன் வரல. அப்பா, அம்மா மாதிரி வார்த்தைங்க உலகத்துல எத்தனையோ மொழியில இருக்கு, கொழந்தை வாயில மொதல்ல வர்ற சத்தம் அது தானே. 1886 ல கொரியாவுக்கு வாத்தியாரா போன ஹோமர் ஹல்பர்ட்ங்கற அமெரிக்கர் திராவிட மொழிங்களோட ஒப்பிட்டு எழுதினார், அதுலருந்து இந்தப் பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு, மொழியியல் ஆளுங்க ஏத்துக்கல. சொந்தமெல்லாம் இல்ல. ஆனா வீட்டு அமைப்பு ஒண்ணு மாதிரி இருக்கு, உங்களுக்கு சொன்னா டக்குனு புரியும்.

க-ன்னு ஒரே எழுத்து வெச்சிக்கிட்டு "கடல்"ல ஒரு மாதிரியும் "அகம்"ல வேற மாதிரியும் சொல்றோம்ல, அவங்களும் அதே தான். கறிக்கு "கோகி"ம்பாங்க, ரெண்டு இடத்துலயும் ஒரே எழுத்து, ஆனா மொதல் எழுத்து வன்மையா வரும், ரெண்டாவது நடுவுல மாட்டி மெலிஞ்சிடும். "சாப்பிட்டுப் பாரு"ன்னு சொல்றோம், இதுல பாக்குறதுக்கு என்ன இருக்குன்னு நமக்கு யாரும் வெளக்க வேண்டியதில்ல, கொரியன்லயும் "மொகொ ப்வா", அப்படியே சாப்பிட்டு-பாரு தான். செஞ்சு குடுன்னா செஞ்சு-குடு தான். இங்கிலீஷ்ல எழுதின பாடப்புத்தகம் இத ஒரு பக்கத்துக்கு வெளக்கி டேபிள் எல்லாம் போட்டிருக்கும், நான் மூணாவது வரியிலயே ஓ இதுவான்னு பக்கத்த திருப்பிட்டேன். அப்புறம் புணர்ச்சி இருக்கே! எழுதறது "சின் ரா", சொல்றது "சில்லா". பழைய ராஜ்ஜியத்தோட பேரு. நல்+நூல் நன்னூல் ஆறத போர்டுல எழுதிப் போடறவங்க நீங்க, நீங்களே அவளுக்கு இந்த சேப்டர எடுக்கலாம்.

இதோட ஈஸி முடிஞ்சுது. நெருப்பு, புல்லு, கொம்பு மூணுக்கும் அவங்க சொல்ற வார்த்தைய தமிழ்ல எழுதினா "புல்" தான், அவங்களுக்கு மூணும் வேற வேற ப. (அதுல ஒண்ணுக்கு நெஜமாவே புல்லுன்னு தான் அர்த்தம். இந்த மாதிரி தற்செயல வெச்சு தான் வீடியோ போடறாங்க.) நம்பர் ரெண்டு செட்டு, மணி சொல்ல ஒண்ணு, நிமிஷம் சொல்ல இன்னொண்ணு. அப்புறம் வார்த்தைங்கள்ல பாதிக்கு மேல சீன மூலம். "ஹக்"னா படிப்பு. ஹக்செங் மாணவர், தேஹக் பல்கலைக்கழகம், க்வாஹக் அறிவியல், பாங்ஹக் லீவு, அதாவது படிப்ப விட்டுடறது. இந்த மாதிரி சீன வேருங்கள ஒவ்வொண்ணா உக்காந்து படிக்காம இந்த முடிச்சு அவுறாது, டிராமா பாத்து மட்டும் வந்தவங்க தடுக்கி விழுற எடம் இது. சீரியல் பாத்தா "நான் உன்ன நேசிக்கிறேன்" வந்துடும். வேற என்ன வரும், "பசிக்குது" வரும், கெட்ட வார்த்தை நாலு வரும். எழுத்து கத்துக்கிட்டான்னு சொன்னீங்க, சந்தோஷம், ஆனா 1446 ல சேஜோங் ராஜா அத அறிவிச்சதே சாதாரண ஜனங்க சீக்கிரம் படிச்சிக்கணும்னு தான், ஒரு வாரத்து வேலை அது. அத வெச்சு முடிவெடுக்காதீங்க.

டிகிரின்னா மொழி மட்டுமில்ல. எனக்கு ரெண்டாவது வருஷம் வரைக்கும் இலக்கணம், டிக்டேஷன், உரையாடல்னே போச்சு, நடுவுல விட்டுட்டு ஓடிடலாமான்னு கூட இருந்துச்சு. அப்புறம் ஹிஸ்டரி பேப்பர் வந்துது. 1910 லருந்து 1945 வரைக்கும் ஜப்பான் ஆட்சி. கடைசி வருஷங்கள்ல ஸ்கூல்ல அவங்க மொழியே கூடாது, பேரையே ஜப்பான் பேரா மாத்திக்கச் சொன்னாங்க. அந்த நேரத்துல ஒரு மொழிச் சங்கம் கொரியன் அகராதி தொகுத்துக்கிட்டு இருந்துச்சு. 1942 ல சங்கத்துக்காரங்கள புடிச்சு ஜெயில்ல போட்டாங்க, ரெண்டு பேர் உள்ளயே செத்துப் போனாங்க, பல வருஷமா சேத்து வெச்ச கையெழுத்துப் பிரதிய போலீஸ் சாட்சியமா அள்ளிக்கிட்டுப் போச்சு, அப்புறம் அது எங்கன்னே தெரியல. விடுதலை கெடச்சு சில வாரத்துல, 1945 செப்டம்பர்ல, சியோல் ஸ்டேஷன் கோடவுன்ல அந்தக் காகிதக் கட்டு கெடக்குது! 1947 ல மொத பாகம், 1957 ல கடைசி பாகம்னு அகராதி வந்து முடிஞ்சுது. உ.வே.சா. ஏடு தேடி அலைஞ்ச கதைய கிளாஸ்ல சொல்றப்ப உங்களுக்கு தொண்டை அடைக்கும்ல, எனக்கு அன்னிக்கு அது தான் ஆச்சு. அதுக்கப்புறம் விட்டுட்டு ஓடற யோசனையே வரல. உங்க பொண்ணு உங்க வீட்ல வளந்தவ, அவளுக்கும் இது தைக்கும்னு தோணுது.

சரி வேலை. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில 1998 ல கார் விட ஆரம்பிச்சதுலருந்து அந்த ஸ்ரீபெரும்புதூர் பெல்ட் முழுக்க கொரியன் உதிரிபாகக் கம்பெனிங்க, இன்டர்ப்ரெட்டருக்கு வேலை கெடைக்கும். நானும் ஒரு கம்பெனியில நாலு வருஷம் இருந்தேன். அங்க பேசற கொரியன் வேற மாதிரி. "புல்லியாங்"னா டிஃபெக்ட் பீஸு, "நப்கி"னா டெலிவரி தேதி, நாள் பூரா "பல்லி பல்லி"ன்னு கத்துவாங்க, சீக்கிரம் சீக்கிரம்னு அர்த்தம், மொத நாள் நம்ம பசங்க சுவத்தப் பாத்தாங்க. மொத வாரம் நான் பண்ணின கூத்த சொல்றேன். நம்ம ஃபோர்மேன் கொரியன் மேனேஜர்கிட்ட "நேத்து நீங்க சொன்ன மாதிரி தான் சார் செஞ்சோம்"னார். நானும் அவசரத்துல அந்த "நீங்க"வுக்கு "தங்ஷின்"னு போட்டுட்டேன். பாடப்புத்தகத்துல அதுக்கு நீங்கன்னு தான் அர்த்தம், ஆனா மேலதிகாரி மூஞ்சிக்கு நேரா அத சொல்லக்கூடாது, பதவியோட "நிம்" சேத்து பூஜாங்நிம்னு தான் கூப்பிடணும். இது எனக்குத் தெரியாததில்ல, பரீட்சையில எழுதி மார்க்கே வாங்கியிருக்கேன். மனுஷன் ஒண்ணும் சொல்லல, பேனாவ மூடி வெச்சிட்டார். அந்த மீட்டிங் அங்கயே முடிஞ்சுது.

ஒரு விஷயம் மறைக்காம சொல்லணும், வெறும் மொழிபெயர்ப்பாளரா போனா அஞ்சு வருஷம் கழிச்சும் அதே நாற்காலி தான். சாதா லெட்டர், மெயிலுக்கெல்லாம் இப்ப மெஷினே போதும்னு ஆயிடுச்சு. என்கூட இருந்தவங்கள்ல மேல போனவங்க மொழியோட அக்கவுன்ட்ஸோ பர்ச்சேஸோ தெரிஞ்சவங்க. உங்க பொண்ணு காமர்ஸ்ங்கறீங்க, அத தூக்கிப் போட வேண்டாம்னு சொல்லுங்க. கொரியன் மேனேஜர்கிட்ட அவர் பாஷையிலயே ஜி.எஸ்.டி. வெளக்கற ஆள் கெடச்சா விட மாட்டாங்க. அவங்கப்பாகிட்டயும் இந்த வரிய படிச்சுக் காட்டுங்க.

டெல்லி ஜே.என்.யூ. பல்கலைக்கழகத்துல 1976 லருந்தே கொரியன் சொல்லித் தர்றாங்க, பி.ஏ. ஆனர்ஸ் இருக்கு, எழுத்துலருந்து ஆரம்பிப்பாங்க, ஃபீஸும் ரொம்ப கம்மி. அங்கயே ஜாமியா பல்கலைக்கழகத்துலயும் இருக்கு. க்யூட்ங்கற பொது நுழைவுத் தேர்வு எழுதணும், தமிழ்லயும் எழுதலாம். டோபிக்ங்கற கொரியன் மொழிப் பரீட்சைய இப்பவே எழுதறேன்னு குதிச்சான்னா வேண்டாம்னுடுங்க, ரிசல்ட் ரெண்டு வருஷம் தான் செல்லும், டிகிரி முடியறதுக்குள்ள காலாவதி ஆயிடும், காசு தண்டம். பின்னாடி மேல்படிப்புக்கு கொரிய அரசாங்கத்து ஸ்காலர்ஷிப் இருக்கு, ஜி.கே.எஸ்.னு பேரு, படிப்புச் செலவு டிக்கெட் எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க, இங்க மார்க் நல்லா இருக்கணும்.

அவ ஆசை நெஜமான்னு தெரியணும்னா நான் சொல்றத செய்ங்க. மூணு மாசத்துக்கு டிராமாவ விடச் சொல்லாதீங்க, பாத்துக்கட்டும். கூடவே தெனமும் ஒரு கொரியன் நியூஸ்ல பத்து வரி, டிக்‌ஷனரி வெச்சு தமிழ்ல எழுதி உங்ககிட்ட காட்டணும். வாக்கியம் தமிழா இருக்கான்னு நீங்க சிவப்பு பேனாவால திருத்துங்க, கொரியன் உங்களுக்குத் தெரிய வேண்டாம். ஒரு மாசத்துல சலிச்சிட்டான்னா சி.ஏ. ஃபார்ம் வாங்கிடுங்க. திருத்தினதப் பாத்து சண்டைக்கு வந்தான்னா டெல்லிக்கு டிக்கெட் போடுங்க.

அப்புறம் அந்த "நே". ஆமான்னு அர்த்தம், அதுவும் மரியாதையான ஆமா. கொரியாவுல பிள்ளைங்க பல பேர் அம்மாகிட்ட "உங்"னு தான் சொல்லுவாங்க, நம்ம "ம்" மாதிரி. உங்க வீட்ல இன்னும் "நே" தான் ஓடுதுன்னா கோவப்படாதீங்க டீச்சர்.