உலகக் கோப்பைக் கால்பந்தில் அதிக கோல் அடித்தவருக்குத் தரும் கோல்டன் பூட் விருது யாருக்கு என்று கணிப்பது எப்படி? உலகின் சிறந்த ஸ்ட்ரைக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதாதா?

போதாது. இந்த விருதைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று: ஆட்டக்காரருடைய அணி எத்தனை ஆட்டம் ஆடும், அணிக்குப் பெனால்டி கிடைத்தால் யார் அடிப்பார், குரூப்பில் கோல்களை வாரி வழங்கும் அணி இருக்கிறதா. ஆட்டக்காரரின் திறமை இந்த மூன்றுக்கும் பிறகுதான் வரும்.

2018-இல் இங்கிலாந்தின் ஹாரி கேன் 6 கோல் அடித்து வென்றதைப் பிரித்துப் பாருங்கள். துனீசியாவுக்கு எதிராக இரண்டு. இரண்டுமே கார்னரிலிருந்து வந்தவை. பனாமாவுக்கு எதிராக மூன்று. அதில் இரண்டு பெனால்டி. இரண்டாவது பெனால்டி எப்படிக் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். கார்னர் பந்து வரும் நேரத்தில் பனாமா ஆட்டக்காரர் கேனைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார், நடுவர் விசில் ஊதினார். மூன்றாவது கோல், சக ஆட்டக்காரர் லாஃப்டஸ்-சீக் அடித்த பந்து கேனின் குதிகாலில் பட்டுத் திசை மாறி உள்ளே போனது. ஆறாவது கொலம்பியாவுக்கு எதிரான பெனால்டி. அதன்பின் காலிறுதி, அரையிறுதி, மூன்றாமிட ஆட்டம் மூன்றிலும் பூஜ்யம். அதே குரூப்பில் இருந்த பெல்ஜியத்தின் லுக்காக்குவும் பனாமா மேல் இரண்டு, துனீசியா மேல் இரண்டு என்று நான்கு அடித்துவிட்டு, நாக் அவுட்டில் ஒன்றும் அடிக்கவில்லை. என் கணிப்பில் அந்த ஆண்டு விருது குரூப் பிரிக்கும் குலுக்கலிலேயே பாதி முடிவாகிவிட்டது.

இனி கணக்கு. முதலில் ஆட்ட எண்ணிக்கை. 2026 முதல் 48 அணிகள், 12 குரூப். அரையிறுதிக்குப் போகும் நான்கு அணிகளுக்கும் 8 ஆட்டம் கிடைக்கும், முன்பு 7. அரையிறுதியில் தோற்றவர்களுக்கு மூன்றாமிட ஆட்டம் உண்டு என்பதை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். இறுக்கமில்லாத ஆட்டம் அது, கோல் எளிதாக விழும். 1958-இல் பிரான்சின் ஃபோந்தேன் தன்னுடைய 13 கோல்களில் நான்கை அடித்தது அதில்தான். 1990-இல் ஸ்கில்லாச்சி, 1998-இல் சுக்கர், 2010-இல் முல்லர் என்று வென்றவர்கள் மூவரும் அதில் கோல் அடித்திருக்கிறார்கள். ஆகவே கோப்பை வெல்லும் அணியைத் தேட வேண்டாம், அரையிறுதி வரை போகும் அணியைத் தேடுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. பலமான அணியின் ஸ்ட்ரைக்கர், பெனால்டி நீங்கலாக 90 நிமிடத்துக்கு 0.5 கோல் அடிப்பவர், சராசரியாக 80 நிமிடம் ஆடுகிறார் என்று வையுங்கள். ஆட்டத்துக்கு 0.44. அணிக்கு ஆட்டத்துக்கு 0.15 பெனால்டி கிடைக்கும், 78 விழுக்காடு உள்ளே போகும் என்று கொண்டால் இன்னொரு 0.12. மொத்தம் ஆட்டத்துக்கு 0.56. எட்டு ஆட்டம் ஆடினால் எதிர்பார்ப்பு 4.5 கோல். எக்ஸெலில் பாய்சான் ஃபங்ஷனுக்கு (சராசரியை வைத்து, ஒன்று இத்தனை முறை நடக்கும் வாய்ப்பைச் சொல்வது) 5-ஐயும் சராசரியாக 4.5-ஐயும் கொடுத்து, மொத்த நிகழ்தகவாகக் கேட்டு, விடையை 1-லிருந்து கழியுங்கள்: ஆறு அல்லது அதற்கு மேல் அடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு. அதே ஆள் நான்கு ஆட்டத்தோடு வீட்டுக்குப் போனால் அந்த வாய்ப்பு 3 விழுக்காட்டுக்கும் கீழே! அணி அரையிறுதிக்குப் போகும் வாய்ப்பு 30 விழுக்காடு என்று வைத்து, நடுவில் வெளியேறும் வழிகளையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தம் 14 விழுக்காடு வரும். அதில் 9 எட்டு ஆட்ட வழியில் மட்டுமே வருகிறது. முன்னணியில் இருப்பவருக்கே நிலைமை இதுதான், யாராவது "இவர்தான், சந்தேகமே இல்லை" என்றால் நம்பாதீர்கள்.

ஆறு என்ற இலக்கும் நிலையானதல்ல. 2006-இலும் 2010-இலும் 5 போதுமாக இருந்தது. 2002-இலும் 2022-இலும் வென்றவர்கள் 8 அடித்தார்கள். ஆட்டம் ஒன்று கூடிவிட்டதால் இனி 6-ஐக் குறைந்தபட்சமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பெனால்டியை அலட்சியமாக விடாதீர்கள். வீடியோ நடுவர் வந்த 2018-இல் 29 பெனால்டி கொடுக்கப்பட்டன, அதற்கு முந்தைய 2014-இல் 13 தான். 2022-இல் மெஸ்ஸி அடித்த 7 கோல்களில் 4 பெனால்டி. கிளப்பில் பெனால்டி அடிப்பவர் நாட்டு அணியிலும் அடிப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. நாட்டு அணியின் கடைசிப் பத்து ஆட்டங்களைப் பார்த்து, அடித்தது யார், அவர் மைதானத்தில் இல்லாதபோது அடுத்தவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரத் தளங்களில் எக்ஸ்பெக்டட் கோல் எண்ணை (கிடைத்த வாய்ப்புகளின் தரத்தை வைத்து எத்தனை கோல் விழுந்திருக்க வேண்டும் என்ற மதிப்பீடு) எடுக்கும்போது பெனால்டி நீக்கியதையே எடுங்கள். சேர்த்ததை எடுத்துவிட்டு மேலே பெனால்டியையும் கூட்டினால் ஒரே கோலை இரண்டு முறை எண்ணியதாகும். பலர் தவறுவது இங்கேதான்.

அடுத்த பெரிய தவறு, தகுதிச்சுற்று கோல்களை நம்புவது. 2018-க்கான ஐரோப்பியத் தகுதிச்சுற்றில் லெவன்டாவ்ஸ்கி 16 கோல் அடித்தார், உலகக் கோப்பையில் ஒன்றுகூட இல்லை, போலந்து குரூப்பிலேயே வெளியேறியது. கடைசி குரூப் ஆட்டத்தில் ஓய்வு கொடுப்பதும் கணக்கைக் கெடுக்கும். முதல் இரண்டையும் வென்ற அணி மூன்றாவதில் நட்சத்திரத்தை உட்காரவைக்கும்: 2018-இல் கேன் பெல்ஜியத்துக்கு எதிராக இறங்கவே இல்லை, 2022-இல் எம்பாப்பே துனீசியாவுக்கு எதிராக மாற்றாகத்தான் வந்தார். அதனால் எளிய எதிரி மூன்றாவதாக வருவதைவிட முதல் இரண்டில் வருவது நல்லது. அதோடு, 48 அணி அமைப்பில் குரூப் முதலிடம் பிடிப்பவர்களில் எட்டுப் பேருக்கு அடுத்த சுற்றில் வேறொரு குரூப்பில் மூன்றாமிடம் பிடித்த அணிதான் எதிரி. அட்டவணையில் அந்த எட்டு இடங்கள் எவை என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

விதிவிலக்குகள் உண்டு. 1994-இல் ரஷ்யாவின் சலென்கோ கேமரூனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து அடித்து, குரூப்போடு வெளியேறியும் 6 கோலுடன் பல்கேரியாவின் ஸ்டாய்ச்கோவோடு விருதைப் பகிர்ந்துகொண்டார். 2014-இல் ஹாமேஸ் ரோட்ரிகஸ் ஐந்தே ஆட்டத்தில் 6. இவற்றை முன்கூட்டிப் பிடிக்க வழியில்லை, துரத்தவும் வேண்டாம். யூரோ போட்டிக்கு இதே முறையை அப்படியே கொண்டுபோகவும் கூடாது; அங்கே மூன்றாமிட ஆட்டம் கிடையாது, 2024-இல் வெறும் 3 கோலோடு ஆறு பேர் பகிர்ந்துகொண்டார்கள்.

உலகக் கோப்பையில் கோல் சமமானால் முதலில் அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கோல் அடிக்கக் கொடுத்த பாஸ்), அதுவும் சமமானால் குறைந்த நிமிடம் ஆடியவர். டைபிரேக்கர் ஷூட்அவுட்டில் அடிப்பது கணக்கில் வராது, கூடுதல் நேரத்தில் அடிப்பது வரும். 2010-இல் முல்லர், வியா, ஸ்னைடர், ஃபோர்லான் நால்வரும் 5. மூன்று அசிஸ்ட் வைத்திருந்த முல்லர் எடுத்துக்கொண்டார், மற்ற மூவருக்கும் ஒன்றுதான். ஆகவே இரண்டு பேருக்கிடையே முடிவெடுக்க முடியவில்லை என்றால் கோல் போடவும் கொடுக்கவும் தெரிந்தவரை எடுங்கள். 2022 இறுதி ஆட்டத்தின் 117-வது நிமிடத்தில் மெஸ்ஸியும் எம்பாப்பேயும் ஆளுக்கு 7. அசிஸ்ட்டில் மெஸ்ஸி 3, எம்பாப்பே 2, அதனால் விருது மெஸ்ஸி கையில் இருந்தது. மறு நிமிடமே ஒரு பெனால்டி, அதை அடிக்க வந்தவர் எம்பாப்பே.