குண்டுமல்லி ஆன்லைன்ல வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, எங்க வீடு தேவிபட்டினம், கடல் கிட்டத்துலதான். ஆன்லைன்ல 'ஹைப்ரிட் குண்டுமல்லி, வருஷம் பூரா பூக்கும்'னு போட்டிருந்தத நம்பி 349 ரூபாய்க்கு வாங்குனேன். வந்தப்பவே இலை மஞ்சளாத்தான் இருந்துச்சு, இப்ப ஓரமெல்லாம் கருகுது. ரிட்டர்னும் எடுக்க மாட்டேங்குறாங்க. வேற வாங்கவா, இதையே காப்பாத்தவா?

பதில்: ராமேஸ்வரம் தீவுல இருக்குற தங்கச்சிமடத்த பக்கத்துல வச்சுக்கிட்டு மல்லிக்கு ஆன்லைன் போனீங்களேம்மா! மதுரைப் பக்கத்துத் தோட்டத்துக்கே மல்லி நாத்து அங்கேருந்துதான் போகுது. வருஷம் பூரா பூக்குமாம்ல, அப்புறம் ஏன் மார்கழி தையில பூ விலை கிலோ ஆயிரக்கணக்குல ஏறுது? குளிர் வந்தா மல்லி அடங்கிடும், எந்தப் பேரு வச்சு வித்தாலும்.

சரி, செடிய இப்பவே தூக்கிப் போடாதீங்க. ஓரம் கருகுறது பெரும்பாலும் உப்புத் தண்ணி வேலை. போர் தண்ணிய நிறுத்திட்டு காவிரித் தண்ணி வர்ற அன்னைக்கு பிடிச்சு வச்சு ஊத்துங்க, அதோட நிறைய பேர் வீணாப் போகுதேன்னு ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணிய செடிக்கு விடுறாங்க, நம்ம ஊர்ல அது போர் தண்ணிய விட உப்பு, தொடவே தொடாதீங்க. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா அது இரும்புச்சத்துக் குறை, அன்னபேதி உப்பு (ஃபெரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைச்சு சாயங்காலமா இலையில தெளிங்க. நல்ல வெயில் படுற இடமா இருக்கணும். நவம்பர் கடைசியில தரையிலருந்து ஒன்றரை அடி விட்டு கிளைய வெட்டிக் கவாத்து பண்ணிட்டு தொழு உரம் போடுங்க.

காசு விஷயம். செடி பட்டுப்போச்சுன்னு மட்டும் சொன்னா 'நீங்க தண்ணி ஊத்தல'ம்பாங்க, அதனால விளம்பரத்துல சொன்னதுக்கும் வந்ததுக்கும் ஒத்துப் போகலன்னு வித்தவங்களுக்கு எழுதுங்க. விளம்பர ஸ்கிரீன்ஷாட், பில், பிரிச்ச அன்னைக்கு எடுத்த போட்டோ இருந்தா நல்லது. சொன்ன மாதிரி இல்லாத பொருள விக்கிறவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாதுன்னு ஆன்லைன் விற்பனைக்கான 2020 மின்வணிக விதியிலயே இருக்கு. அப்பவும் அசையலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டு புகார் குடுங்க.

அடுத்து வாங்குறப்ப பூ நிக்குதான்னு பாக்காதீங்க, அது ஆளை மயக்குற வேலை. தண்டை நகத்தால லேசா சுரண்டுனா உள்ள பச்சையா இருக்கணும், பையோட அடியில வெள்ளை வேர் தெரியணும். மண்ணில்லாத நாத்த கட்டா வாங்குனா ஈரச்சாக்கு சுத்தி எடுத்துட்டு வந்து அன்னைக்கே நட்டுருங்க.