இரவு 2 மணிக்கு எடுக்கவேண்டிய போன்

"ஐயா, தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை நான். எம்.பி.பி.எஸ். முடித்து இன்டர்ன்ஷிப்பும் செய்துவிட்டேன். இங்கிலாந்து போகவேண்டும். ஆங்கிலப் பரீட்சை ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் மொத்தம் 7.5 வந்தும் எழுத்தில் 6.5தான், அது போதாது. திரும்ப எழுதவா, மருத்துவத் துறைக்கான ஆங்கிலப் பரீட்சை ஓ.ஈ.டி. எடுக்கவா? என்ன உடுப்பு கொண்டுபோவது? பெரிய டொக்டர்மாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டுமாம், எனக்கு வாய் வராது. பணிவாக, சொன்னதைச் செய்துகொண்டு இருந்தால் பிரச்சினை வராதுதானே?"

அன்பு மகள்,

ஓ.ஈ.டி. எடுங்கள். நான்கு பகுதியிலும் தலா 350 வேண்டும். அதில் எழுத்து என்பது பெரும்பாலும் நோயாளியை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் கடிதம்தான். ஒரு வருடம் டயக்னோசிஸ் கார்ட் (நோயாளி வீடு போகும்போது கொடுக்கும் சுருக்கம்) எழுதிய கைக்கு அது புதிதில்லை. உடுப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். வெள்ளைக் கோட் அங்கே போடுவதில்லை, முழங்கைக்குக் கீழே கடிகாரமும் காப்பும் கூடாது, அவ்வளவுதான். பேர் சொல்வது ஒரு மாதத்தில் பழகிவிடும்.

உங்கள் கடைசி வரிக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. கொழுந்து நிறுக்கும்போது இரண்டு கிலோ குறைத்து எழுதினாலும் நம் பெண்கள் வாய் திறக்காமல் நின்றார்கள். பேசினால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான், விழுமென்ற பயம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வாயடைப்பைப் பணிவென்று பேர் வைத்து வாட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அங்கே அது ஆளைக் கொல்லும்.

இரவு 2 மணி. 78 வயது ஐயா, நிமோனியா. மூச்சு நிமிடத்துக்கு 26, ஒட்சிசன் கொடுத்தும் இரத்தத்தில் அது 95 வீதம், மேல் பிரஷர் 98, நாடி 112, காய்ச்சல் 38.4 செல்சியஸ் (இங்கே நாம் பரனைட்டில் 101 என்போமே, அது). தெளிவாகத்தான் பேசுகிறார். நோயாளி எவ்வளவு ஆபத்தில் என்று புள்ளி போடும் நியூஸ்2 கணக்கில் மூச்சுக்கு 3, ஒட்சிசன் அளவுக்கு 1, ஒட்சிசனில் இருப்பதற்கு 2, பிரஷருக்கு 2, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 11. ஏழு வந்தாலே அவசரம்.

இப்போது உங்களுக்கு மேலே உள்ள டொக்டரான ரெஜிஸ்ட்ராருக்குப் போன் எடுத்து, "சொறி சேர், 12ஆம் கட்டில் ஐயாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை" என்றால் என்ன நடக்கும்? "பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார். அவர் கையில் பல வாட், உங்கள் குரலில் அவசரமில்லை. தவறு அவருடையது மட்டுமில்லை.

நோயாளியைப் பற்றி இன்னொரு டொக்டரிடம் சொல்ல எஸ்பார் (SBAR) என்று நான்கு படி உண்டு: இப்போது என்ன, பின்னணி என்ன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அவர் என்ன செய்யவேண்டும். முதல் இரண்டையும் நம் பிள்ளைகள் அழகாகச் சொல்வார்கள். மூன்றாவதில் குரல் இறங்கும். நான்காவதைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவார்கள், பெரியவரிடம் வேலை சொல்வதா என்று. சொல்லத்தான் வேண்டும். போன் எடுத்ததும் பேரையும் வாட்டையும் சொல்லி, "நியூஸ் 11, செப்சிஸ் என்று நினைக்கிறேன். கல்ச்சருக்கு இரத்தம் எடுத்துவிட்டேன், அன்டிபயோட்டிக் போகிறது. பத்து நிமிடத்தில் நீங்கள் வந்து பார்க்கவேண்டும்" என்று முடியுங்கள். செப்சிஸ் என்றால் கிருமித்தொற்றால் உடம்பே நிலைகுலைவது. அதில் அன்டிபயோட்டிக்குக்கு ஒரு மணித்தியாலம்தான் கணக்கு, போனுக்குக் காத்திருந்து அதைத் தள்ளாதீர்கள். வரமுடியாது என்றால், "அதுவரை நான் என்ன செய்ய, உங்களுக்குப் பதில் யாரைக் கூப்பிட?" என்று கேளுங்கள். அவர் பேரையும் நேரத்தையும் நோட்ஸில் எழுதுங்கள்.

இங்கிலாந்தில் வேலை செய்ய வெளிநாட்டு டொக்டர்மார் எழுதும் பிளாப் பரீட்சையின் இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு நிலையத்துக்கும் (ஒவ்வொரு செய்முறைச் சோதனைக்கும்) எட்டு நிமிடம்தான். இன்றைக்கே வீட்டில் யாரையாவது அடுத்த அறையில் உட்காரவைத்துப் போன் எடுங்கள். மேலே எழுதிய ஐயாவின் கணக்கை இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பாருங்கள். நான்காவது படி வரும்போது குரல் இறங்குகிறதா என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.